எடுத்துக் கொடுத்த குரல்

என்னைச் சுத்தக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய ஆம்ப்ளிஃபயர், வாய் கிழிந்த ஸ்பீக்கர், யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன மிக்ஸி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நடுவில் நான் உட்கார ஒரு ஸ்டூல். ஆனால் காதுக்கு மட்டும் எனக்குச் சுத்தம் வேண்டும். மைக்கில் 'உஸ்' என்று இரைச்சல் வந்தால் சாப்பாடு இறங்காது. அந்தப் பாழாய்ப்போன காதுதான் என்னை இந்த வயதில் தலைகுனிய வைத்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் காலனியில் மைக் செட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஊருக்குள் இருந்த மைக் செட்காரர்கள் காலனிச் சாவுக்கு வரமாட்டார்கள். கேட்டால், செட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள். அதனால் சுற்றுப்பட்டுக் காலனிகளில் சாவு என்றாலும், பதினாறாம் நாள் காரியம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேதக்காரர் வீடா, இந்து வீடா என்று பார்ப்பதில்லை. காரியச் சாப்பாடு முடிந்ததும் பந்தலுக்குக் கீழே கானா நடக்கும். பகலில்தான். இருட்டிய பிறகு மைக் போட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பாடுகிறவர் மாகறல்காரர், செங்கல் சூளையில் வேலை செய்தவர். ஒரு டோலக்கு, ஒரு புல்புல்தாரா, அவர் குரல், அவ்வளவுதான் கச்சேரி. எழுதி வைத்துக்கொண்டு பாடுகிற வழக்கம் அவருக்கு இல்லை, எழுதவும் தெரியாது. செத்தவரைப் பற்றி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். அதற்கு ஒரு சட்டம் உண்டு. அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி பாட்டில் வந்தாக வேண்டும். செத்தவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யாரை என்ன சொல்லித் திட்டுவார், பீடிக்கட்டைக் கூரையில் எந்த இடத்தில் செருகி வைப்பார், இப்படி. பொதுவாக 'நல்ல மனுசன், போயிட்டான்' என்று பாடினால், இது வேறு எவனுக்கோ பாடின பாட்டு என்று வீட்டுப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள்.

வெளியூர்ப் பாட்டுக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதற்குத்தான் எடுத்துக் கொடுக்கிற ஆள். பாட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதற்குள் அவர் காதோரம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டாக்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவள், எங்கள் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்கா. நடவுக் கூட்டத்தோடு புள்ளலூர் தொடங்கி மாகறல் வரைக்கும் கழனி கழனியாகப் போய்வந்தவள். சேற்றில் குனிந்தபடி பெண்கள் பேசாத விஷயம் உண்டா? எந்த வீட்டில் எவருக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்கு அத்துபடி. பெண்பிள்ளை மைக்கைப் பிடித்துப் பாடக் கூடாது என்று சொன்ன பெரிய மனுஷர்கள், பின்னால் உட்கார்ந்து சொல்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் பாட்டோடு சேர்த்தே பார்க்கவில்லை. நானும்தான்.

எனக்கு அவளோடு ஓயாத சண்டை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து டேப் ரெக்கார்டரில் பாட்டைப் பதிவு செய்வேன். அவளுடைய முணுமுணுப்பும் கூடவே விழுந்துவிடும்.

“யக்கா, மைக்க விட்டுத் தள்ளி குந்து. நீ பேசறதெல்லாம் டேப்புல ஏறுது” என்பேன்.

“ஏறுனா ஏறட்டும் போடா. நான் சொல்லலேன்னா அவரு வாயப் பொளந்துக்கினுதான் நிக்கணும்” என்பாள். ஒரு அங்குலம் நகரமாட்டாள்.

அந்தக் கேசட்டுகள் கடையில் தொங்கவிட்டு விற்கிற சமாச்சாரம் இல்லை. செத்தவரைப் பாடுகிற சாக்கில் உயிரோடு இருக்கிறவர்களையும் ஒரு பிடி பிடித்துவிடுவார் பாட்டுக்காரர். பாடையைத் தன் வரப்பு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்து நின்ற ஒரு நிலக்காரரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. காலனியே வயிறு வலிக்கச் சிரித்தது. நாலாம் நாள் அந்த நிலக்காரர் வீட்டு ஆட்கள் கேசட்டைக் கொடு என்று கேட்டு என் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பிரசங்கக் கேசட்டைக் கையில் திணித்து அனுப்பினேன். அதிலிருந்து எந்தக் கேசட்டின் மேலும் செத்தவர் பெயரை எழுதுவதில்லை. அவருக்குப் பிடித்ததை எழுதிவைப்பேன். 'கருவாடு', 'மிளகா பஜ்ஜி', 'வெத்தலப் பொட்டி'. தெரிந்தவர்கள் கேட்டால் காப்பி போட்டுக் கொடுப்பேன். பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போனவர்கள் துணியோடு துணியாகச் சுருட்டி எடுத்துப் போவார்கள்.

அந்த அக்கா மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவள் காரியத்துக்கும் பாட்டுக்காரர் வந்தார். எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நல்ல பொண்ணு, போயிட்டா என்று பொதுவாகவே பாடினார். அன்றைக்கு ஒருவரும் எழுந்து போகவில்லை. அதன்பிறகு அவர் பாட வருவது குறைந்தது. அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

கேசட்டுகள் மட்டும் இரண்டு அரிசிச் சாக்கு நிறைய என்னிடம் கிடந்தன. ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் முட்டியளவு தண்ணீர் வந்து, சாக்குகள் நனைந்து, நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த உலகத்தில் அந்தப் பாட்டுகள் வேறெங்கும் இல்லை என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஒரகடத்தில் வேலை பார்க்கிற மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். கேசட்டை அதில் ஏற்றுவது எப்படி என்று வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அந்த வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உட்காருவேன். ஒவ்வொரு கேசட்டையும் திருகு கழற்றி, நாடாவைப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, பழைய டெக்கில் போட்டு ஓட்ட வேண்டும். சில நாடாக்கள் ஒரு தடவை ஓடும்போதே மேல்பூச்சு உதிர்ந்து பழுப்புத் தூளாகக் கொட்டும். இரண்டாம் தடவை ஓட்டினால் வெறும் காற்றுதான். மனைவி சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சாவுப் பாட்டக் கேட்டுக்கினு குந்தினுகீற, கடைக்கு எவன் வருவான்?” என்று கேட்டுவிட்டுப் போவாள். எவனும் வரவில்லைதான். தோள்பட்டை இறங்கிப்போனது, இடது காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் குடியேறியது. அது இன்னும் காலி செய்யவில்லை.

ஏற்றியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். பாட்டு ஒரு மேடாகத் தெரியும், இருமல் ஒரு முள்ளாகத் தெரியும். முள்ளைத் தேர்ந்து ஒரு பட்டனைத் தட்டினால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். சின்ன வயதில் மைக்கோடு மல்லுக்கட்டியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நாய் குரைப்பதை எடுத்தேன். சாப்பாட்டு இலை சரசரப்பதை எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் முதுகுப் பக்கமிருந்து வருகிற அந்த முணுமுணுப்பை, ஒன்று விடாமல், பாட்டு பாட்டாக எடுத்தேன். லேப்டாப்பில் இடம் பற்றவில்லை. சுத்தம் செய்ததை வைத்துக்கொண்டு பழையதை அழித்தேன். உதிர்ந்துபோன கேசட்டுகளைக் காயலான் கடைக்காரர் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார். பாட்டெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

சிலருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பலபேர் கண்டுகொள்ளவில்லை. சின்னப் பையன்களுக்குச் சாவுப் பாட்டு என்றால் வெட்கம். ஒன்றிரண்டு பேர் மட்டும் தங்கள் அப்பனைப் பாடிய பாட்டைக் கேட்டு அழுததாகச் சொன்னார்கள். அப்படி அனுப்பியதில் ஒன்று கை மாறிக் கை மாறி ராஜகுளத்துக்குப் போயிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலையாம். ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகளின் போனைக் கையோடு வாங்கி வந்திருந்தாள்.

“மாமா, என்னத் தெரியுதா?” என்றாள்.

தெரியவில்லை. அம்மா பெயரைச் சொன்னாள். அந்த அக்காவின் மகள். தூக்கி வைத்துக் கொஞ்சிய குழந்தை எனக்கு முன்னால் நரை எட்டிப்பார்க்கும் தலையோடு நின்றது.

அவள் போனில் ஓடியது அவள் தாத்தாவுக்குப் பாடிய பாட்டு. அதாவது அந்த அக்காவின் மாமனாருக்கு. கடைசியில் ஓரிடத்தில் பாட்டுக்காரர் பின்பக்கம் திரும்பி, “சொல்லு தங்கச்சி” என்கிறார். டோலக்கோடு கலந்துவிட்டதால் நான் எடுக்க முடியாமல் விட்ட இடம் அது.

“அவரு தங்கச்சின்னு கூப்புடறது எங்கம்மாவத்தான்னு எங்க அத்த சொல்லிச்சி. அம்மா போட்டோ ஒண்ணு கீது வூட்ல. கொரலு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது மாமா. அது பேசுனது உங்கிட்ட கீதா?”

இரண்டு வருஷமும் நான் பிடுங்கிப் போட்டது அந்தக் குரலைத்தான். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. “தேடிப் பாக்கறேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தேடவும் தேடினேன். காயலான் கடைக்குப் போனேன். அந்தச் சரக்கெல்லாம் அரைத்துத் தூளாகிப் போய் மாசக்கணக்கு ஆகிறது என்றார். பழைய பஜாஜ் வண்டியில் முட்டிவலியோடு புள்ளலூருக்கும் மாகறலுக்கும் அலைந்தேன். முன்பு காப்பி வாங்கிப் போனவர்களின் வீடுகளில் பரண் ஏறச் சொல்லிக் கெஞ்சினேன். “கேசட்டா? அத்தெல்லாம் பசங்க நாடாவ உருவி வேலில கட்டி விட்டுச்சிங்க” என்றார் ஒருவர். புள்ளலூரில் ஒரு வீட்டில் 'கருவாடு' என்று என் கையெழுத்தோடு ஒன்று கிடைத்தது. அவள் தாத்தாவின் பாட்டேதான். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் போட்டேன். மேலே வேறு எதையோ பதிந்திருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டு நாதஸ்வரம் இரண்டு பக்கமும் முழுசாக ஓடியது. அன்றைக்கு நான் அந்த நாதஸ்வரக்காரரைத் திட்டிய திட்டு, பாவம், அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

இரண்டு மாசம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. ஸ்டூலை அவளுக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

“இருந்துச்சிம்மா. எல்லாப் பாட்டுலயும் இருந்துச்சி. நான்தான் அழிச்சிட்டேன்.”

“தெரியாம அழிஞ்சிட்சா?”

“இல்ல. வாணும்னேதான். இரைச்சல்னு நெனச்சி ஒண்ணொண்ணா எடுத்தேன்.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “எங்க எடுத்தேன்னு காட்டு” என்றாள்.

லேப்டாப்பைத் திருப்பி வைத்து அவள் தாத்தா பாட்டைப் போட்டேன். மேடு மேடாகப் பாட்டு நகர்ந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் கோடு போட்ட மாதிரி ஒரு வெற்றிடம். விரலை வைத்துக் காட்டினேன். இங்கே, இங்கே, இங்கே. வெற்றிடம் போனதும் பாட்டுக்காரர் பாடுகிறார்:

'கருவாட்டு வாசம் வந்தா கயனி தாண்டி வருவாரு
காலுக்கு செருப்பு தந்தா கையில மாட்டி நடப்பாரு.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க அம்மா கருவாடுன்னு சொல்லிகீது. தாத்தாவுக்குக் கருவாடுன்னா உசுராம், எங்கப்பா சொல்லும்” என்றாள். அதே மூச்சில், “செருப்ப கையில எடுத்துக்கினு நடக்கும்” என்றாள். பாட்டுக்காரர் பாடிவிட்ட பிறகு சொல்வது தப்பு, முன்னால் சொல்ல வேண்டும் என்று அவளுக்கே புரிந்துபோனது. நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வெற்றிடத்திலும் அவள் தணிந்த குரலில் ஒரு வார்த்தை போட்டாள். பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு பாடினார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சாதாரணமாகப் பேசும்போது இந்தப் பெண்ணின் குரல் வேறு. இப்படி மூச்சை இழுத்து, கடைசி எழுத்தை விழுங்கி, தணிந்து சொல்லும்போது அது அப்படியே அந்த அக்கா. அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக்கூட இவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. இரண்டு வருஷம் ஹெட்போன் மாட்டி அதை வேட்டையாடியவன் நான்.

பாட்டின் கடைசியில் ஒரு பெரிய வெற்றிடம் வந்தது. அவள் விழித்தாள். “இங்க இன்னா சொல்லிகீதுன்னு தெரியலியே மாமா. எனக்குத் தெரியாத சங்கதி” என்றாள்.

எனக்குத் தெரியும். மாமனாரைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்ட மருமகளைப் பற்றி ஒரு அடி போடலாம் என்று பாட்டுக்காரர் நினைத்து, “சொல்லு தங்கச்சி” என்று திரும்பிய இடம் அது. அக்கா நீளமாகப் பேசிவிட்டாள். அந்தப் பேச்சு டோலக்கோடு பின்னிக்கொண்டு எடுக்க வராமல் மூன்று நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பாட்டுக்காரர் கூப்பிட்டதை விட்டுவிட்டு, அதை மட்டும் எப்படியோ எடுத்துவிட்டேன். ஒரு அசை விடாமல் எனக்கு மனப்பாடம். சொன்னேன்.

“‘என்னப் பத்தி வாணாம்ணா. பாப்பாவுக்கு நேத்துதான் மொத பல்லு மொளைச்சிது. தாத்தா பாக்கல. அதப் பாடு.’”

பாட்டுக்காரர் பாடினார்: 'பேத்தி பல்லு பாக்கு முன்னே போயிட்டியே தாத்தா.' இத்தனை மாசமாக மகளின் போனில் அவள் கேட்ட அடிதான். அது தன்னைப் பற்றியது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ரொம்ப நேரம் அழுதாள். நான் டீ வாங்கி வந்து வைத்தேன், அது ஆறிப்போனது. பிறகு, அந்த வார்த்தைகளைத் தணிந்த குரலில் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். உன் குரலில் உன் அம்மா இருக்கிறாள் என்று சொன்னால் நம்பமாட்டாள், தன் குரல் பிறர் காதில் எப்படி விழுகிறது என்று யாருக்குத்தான் தெரியும்? அதனால் காரணம் சொல்லவில்லை. மைக்கை அவள் தோளுக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தக் காலத்தில் இருந்த தூரத்தில் வைத்தேன். சொன்னாள். பாட்டில் அந்த வெற்றிடத்தில் அதைப் பொருத்தி, பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். “சொல்லு தங்கச்சி” என்றார் பாட்டுக்காரர். அவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தன் குரலை ஸ்பீக்கரில் முதல் தடவை கேட்கிற எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு. கல்யாண வீட்டில், கோயிலில், சர்ச்சில், நாற்பது வருஷமாக நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், இல்லை, இது நீதான், எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றும் என்று விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் இல்ல மாமா” என்றாள்.

நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னொரு வாட்டி போடு.”

போட்டேன்.